ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பெயர்

போன வாரம் நம் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம்.

"ரெம்பாவ் தோட்டத்துல ஆரம்பிச்ச கம்பெனிய நாலு நாட்டுக்கு எப்படி கொண்டு போனீங்க, எப்படி பிளான் பண்ணுனீங்கன்னு எழுதுங்க ஆன்ட்டி. புதுப் பிள்ளைங்களுக்கு யூஸா இருக்கும் லா."

இரண்டு நாள் யோசித்தேன். நான் சரியாகத் திட்டமிட்டவற்றை எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. தப்பாகத் திட்டமிட்டது ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன். அதை எழுத வேண்டுமானால் தனத்தைப் பற்றியும் எழுத வேண்டும். அலுவலகச் சுவரில் என் படம் மட்டும்தான் தொங்குகிறது. தனலெட்சுமி என்று ஒருத்தி இந்த நிறுவனத்தை என்னோடு சேர்ந்து தொடங்கினாள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தனமும் நானும் ரெம்பாவ் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் முடித்து, இரண்டு பேரும் செனவாங்கில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தோம். அங்கேயே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எங்கள் பிரிவை மூடியபோது எங்களுக்கு வயது நாற்பத்து நாலு. வேறு வேலை தேடுகிற வயதும் இல்லை, வீட்டில் உட்காருகிற வயதும் இல்லை.

அந்தச் சமயத்தில் தனத்தின் அண்ணன் ரெம்பாவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தார். ஒரு நாள் அவர் சொன்ன செய்திதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பள்ளத்தில் தனியாகப் பழக்குலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பை அசைக்க முடியவில்லை. கைத்தொலைபேசிக்கு அங்கே லைன் கிடையாது. சாயங்காலம் ஆள் கணக்கு எடுக்கும்போதுதான் ஒருவர் குறைகிறார் என்று தெரிந்ததாம்.

தனம் அதைக் கேட்டுக்கொண்டாள். மூன்றாவது வாரம் ஒரு பிஸ்கட் டின்னோடு என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே ரேடியோ பாகங்கள், மேலே ஒரு சிவப்புப் பட்டன். "இத இடுப்புல கட்டிக்கிட்டு அமுக்குனா மண்டோரு போன் அடிக்கும் லா. லைன் வேணாம். குன்னு மேல ஒரு பெட்டி வச்சா போதும்" என்றாள்.

இன்று நீங்கள் விற்கிற கருவி அதுதான். உருவம் சிறியதாகிவிட்டது, வேலை அதேதான். தொழிலாளி பட்டனை அமுக்கினால் குன்றின் மேல் இருக்கும் பெட்டி அந்தச் சமிக்ஞையை வாங்கி மண்டோரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பும். எந்த இடம், யார் என்று அதில் தெரியும். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்.

ராசாவில் ஒரு கடைவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்தோம். கீழே மாமாக் சாப்பாட்டுக் கடை. காலையில் அங்கே பசியாறிவிட்டு, தனம் ஓட்டும் பழைய காடியில் ரெம்பாவுக்குப் போவோம். பெட்டியை எங்கே வைத்தால் எல்லாப் பள்ளத்துக்கும் எட்டும் என்று கண்டுபிடிக்க அவள் குன்றின் மேல் நிற்பாள். நான் கீழே செம்பனைகளுக்கு நடுவில் நடப்பேன். இரண்டு பேர் கையிலும் வாக்கி டாக்கி. "ஏய் சரசு, கேக்குதா? இன்னும் கொஞ்சம் எறங்கு. கேக்குதாடி?" என்று அவள் குரல் வந்துகொண்டே இருக்கும். சில இடத்தில் பாதி வார்த்தை மட்டும் வரும். சில இடத்தில் ஒன்றுமே வராது. அங்கே நான் ஒரு மரத்தில் சாயம் அடித்துவிட்டுத் திரும்புவேன். அந்த மாதங்களில் எங்களிடம் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. ஆனால் என் உத்தியோக காலத்தில் எந்த நாளைத் திரும்பத் தந்தால் வாங்கிக்கொள்வாய் என்று கேட்டால், அந்த நாட்களில் ஒன்றைத்தான் கேட்பேன்.

ரெம்பாவில் அண்ணன் வேலை செய்த தோட்டம்தான் முதலில் எங்களை ஏற்றுக்கொண்டது. பிறகு பக்கத்தில் இரண்டு. அதற்குப் பிறகு எனக்கு ஆசை வந்துவிட்டது. செம்பனை இங்கே மட்டுமா இருக்கிறது? இந்தோனேசியாவில் இருக்கிறது, ஆப்பிரிக்காவில் இருக்கிறது. தனியாக வேலை செய்கிற மனிதர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் ஸ்டார்ட் அப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். மூன்று மாதம், வாரத்துக்கு ஒரு நாள். நான் சேர்ந்தேன். தனம் வரவில்லை. "நீ படிச்சிட்டு வந்து சொல்லு. நான் பெட்டிய பாத்துக்கிறேன்" என்றாள்.

அந்த வகுப்பில் எனக்கு ஆலோசகராக வாய்த்தவர் ஒரு சீன அம்மையார். மரச்சாமான் ஏற்றுமதி செய்து பழுத்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். நான் இருபது பக்கத்துக்கு ஒரு திட்டம் தயாரித்திருந்தேன். எந்த ஆண்டில் எந்த நாடு, எத்தனை தோட்டம், எத்தனை கருவி என்று வண்ண வண்ணமாகப் படங்கள். அவர் எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு மலாயில் கேட்டார்.

"கானாவில் ஒருவர் பட்டனை அமுக்குகிறார். யார் வருவார்?"

"அங்கே இருக்கும் நம் பங்குதாரர்."

"அவர் பெயர் என்ன?"

"இன்னும் முடிவாகவில்லை. உள்ளூர்ப் பங்குதாரர் என்று போட்டிருக்கிறேன்."

அவர் பென்சிலை எடுத்து அந்த வரியை வட்டமிட்டார். "இங்கே ஒரு மனிதரின் பெயர் வரும்வரை அந்த நாடு உங்கள் திட்டத்தில் இல்லை" என்றார்.

நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைச் சுத்தமாக மறுபடி அச்சடித்தேன். பெயரைத் தேடவில்லை. உள்ளூர்ப் பங்குதாரர் என்றே விட்டுவிட்டேன்.

வகுப்பு முடிந்த ஆண்டே கானாவில் ஒரு பெரிய தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. நேரில் வந்து செய்து காட்டுங்கள், பிடித்தால் முழுத் தோட்டத்துக்கும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அது நாங்கள் அதுவரை பார்த்த எல்லாத் தோட்டங்களையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது. ராசா மாடியில் நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். தனமும் சிரித்தாள்.

அவர்கள் தோட்டத்தில் இரண்டு பள்ளம். செய்து காட்ட இரண்டு பெட்டி வேண்டும். எங்களிடம் ஒன்றுதான் தயாராக இருந்தது. இரண்டாவதற்கான பாகங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. பயணத்துக்கு இன்னும் ஐந்து நாள். பாகங்கள் வராது என்று தெரிந்துவிட்டது.

ரெம்பாவ் தோட்டத்தின் கீழ்ப் பள்ளத்துக்கு என்று தனியாக ஒரு பெட்டி வைத்திருந்தோம். அந்த மாத வேலை அட்டவணை என் மேசையில் இருந்தது. கீழ்ப் பள்ளத்தில் இரண்டு வாரத்துக்கு வெட்டு இல்லை என்று அதில் போட்டிருந்தது.

"அந்தப் பெட்டிய கழட்டி எடுத்துட்டு போறேன். ரெண்டு வாரம்தானே" என்றேன்.

தனம் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். "அண்ணன்கிட்ட கேட்டியா?"

"அட்டவணை இருக்குல்ல?"

"அட்டவணைய ஆபீஸ்ல போடுறாங்க. மழை பேஞ்சா, ஆள் கொறஞ்சா, மண்டோருங்க மாத்திருவாங்க சரசு."

"மாத்தினா சொல்ல மாட்டாங்களா? இந்த சான்ஸ் திரும்ப வராது தனம்."

"அப்ப ஆளுங்ககிட்டயாவது சொல்லிரலாம். கீழ்ப் பள்ளத்துல பட்டன் வேலை செய்யாதுன்னு."

"ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்கு சொல்லணும்? சும்மா பயந்துக்குவாங்க. பட்டன் மேலயே நம்பிக்கை போயிரும்."

அவள் காடிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மதியத்துக்குள் பெட்டி என் மேசைக்கு வந்துவிட்டது. துடைத்து, துணியில் சுற்றியிருந்தாள்.

கானாவில் முதல் மூன்று நாள் எல்லாம் நன்றாகப் போனது. ஒரு பெட்டியை மலை உச்சியிலும், ரெம்பாவிலிருந்து கொண்டுபோனதை அவர்கள் அலுவலகக் கூரையிலும் வைத்தோம். பட்டன் அமுக்கிய ஒவ்வொரு முறையும் மண்டோரின் தொலைபேசி அடித்தது. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு நிர்வாகத்தோடு கூட்டம். ஒன்பதரைக்குத் தனம் கூப்பிட்டாள். நம் நாட்டில் அப்போது சாயங்காலம்.

"சரசு, ரஃபிக் அடிபட்டுட்டாரு."

ரஃபிக் வங்காளதேசத்துக்காரர். அந்தத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். முதன்முதலில் எங்கள் பட்டனை இடுப்பில் கட்டிக்கொள்ள ஒத்துக்கொண்டவர் அவர்தான். மற்றவர்கள் தயங்கியபோது மலாயில் அவர்களுக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான்.

"எங்க?"

"கீழ்ப் பள்ளத்துல. நேத்து மழை. மேல் பக்கம் சேறுன்னு இன்னிக்கு கீழ எறக்கி விட்டிருக்காங்க. அண்ணன் லீவு. வேற மண்டோரு. காலையில குலை கால் மேல விழுந்திருக்கு. முழங்காலுக்குக் கீழ ரெண்டா உடைஞ்சிருக்கு. மதியம் லோரிக்காரர்தான் பாத்திருக்காரு."

அவள் தொடர்ந்தாள்.

"அவரு பட்டன் என் கையிலதான் இருக்கு. உள்ள பதிஞ்சிருக்கிறத பாத்தேன். முப்பத்தொரு தடவ அமுக்கியிருக்காரு சரசு."

கூட்டத்துக்கு என்னை அழைத்துப்போக ஆள் வந்து வாசலில் நின்றார். "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன வார்த்தைகளில் எதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் நல்லது என்று பட்டியல் போட்டால், இந்த இரண்டு வார்த்தை இரண்டாவதாக வரும். முதலாவது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

கூட்டத்தில் தோட்டத்தின் பாதுகாப்பு அதிகாரி எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தார். நிதானமாகப் பேசுகிற பெண்மணி. மற்றவர்கள் விலை, பேட்டரி, உத்தரவாதம் என்று கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் நாட்டில் யாராவது பட்டனை அமுக்கி, அழைப்பு போய்ச் சேராமல் இருந்ததுண்டா?"

"இல்லை" என்றேன்.

சொல்லி முடித்ததும் என் காதுக்கே அந்தக் குரல் அந்நியமாகக் கேட்டது. அவர் குறித்துக்கொண்டார். கைகுலுக்கினோம். மறுநாள் கையெழுத்து என்று முடிவானது.

அன்று பகல் முழுக்க என் அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே செம்பனை. ரெம்பாவில் பார்க்கிற அதே மரம், அதே வரிசை. எத்தனையோ கணக்குப் போட்டேன். அது கருவியின் தவறு இல்லை, பெட்டி அங்கே இல்லாததால் வந்தது. ஆகையால் நான் சொன்னது பொய் இல்லை. இப்படி ஒரு வாதம். கையெழுத்துப் போட்டபிறகு சொன்னால் போதும் என்று இன்னொரு வாதம். ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த மனிதர் கீழே படுத்துக்கொண்டு பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் நேராக அந்தப் பெண்மணியின் அலுவலகத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரஃபிக்கின் பெயரைச் சொன்னேன். முப்பத்தொரு தடவை என்பதையும் சொன்னேன்.

"நேற்று நான் கேட்டபோது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பெட்டி இப்போது எங்கே?"

"உங்கள் கூரை மேல்."

அவர் எழுந்து போய் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். பெட்டியை இறக்கி, அட்டைப்பெட்டியில் கட்டி என் கையில் கொடுத்தார்கள். "முதலில் இதை இருந்த இடத்தில் வையுங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை. அந்த ஒப்பந்தம் அதோடு முடிந்தது.

சிரம்பானில் ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது ரஃபிக்கின் கட்டில் பக்கத்தில் தனம் உட்கார்ந்திருந்தாள். நாலு நாளாக அங்கேதான் இருந்திருக்கிறாள். ரஃபிக் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மலாயில் ஏதோ சமாதானம் சொன்னார். என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எலும்பு சேர்ந்தது, ஆனால் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. குலை வெட்டும் வேலைக்கு இனி ஆகாது என்று ஊருக்கு அனுப்பினார்கள். விமான நிலையம்வரை தனம்தான் கூடப் போனாள்.

கானாவில் நடந்ததை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். கூட்டத்தில் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், மறுநாள் போய்ச் சொன்னது எல்லாவற்றையும். அவள் பெட்டியைக் குன்றின் மேல் பழைய இடத்தில் மாட்டிவிட்டு இறங்கி வந்தபோது சொன்னேன். அவள் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பெட்டிய எறக்குனது ரெண்டு பேரும்தான். கழட்டுனது என் கை. அத நான் சாகுற வரைக்கும் வச்சிருப்பேன்" என்றாள். "ஆனா அந்த 'இல்ல'ங்கிறத நீ தனியா சொன்ன சரசு. நான் போன் பண்ணி சொன்னதுக்கு அப்புறம் சொன்ன."

"மறுநாளே போய் சொல்லிட்டேனே."

"சொன்ன. நல்லதுதான். ஆனா இனி நான் உனக்கு போன் பண்ணும்போதெல்லாம், இத வச்சிக்கிட்டு நீ அங்க என்ன சொல்லுவியோன்னு யோசிப்பேன். அப்படி இருக்க முடியாது லா."

அந்த மாதக் கடைசியில் அவள் விலகினாள். சண்டை இல்லை. கருவியின் வரைபடங்கள் எல்லாவற்றையும் தெளிவாக எழுதி, எண் போட்டு, ஒரு கோப்பில் வைத்துவிட்டுப் போனாள். கோலா கிளாவாங்கில் அவள் கணவரின் குடும்பத்துக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. தண்ணீர்ப் பம்பு, புல்வெட்டும் இயந்திரம் பழுது பார்ப்பது. அங்கே போய்விட்டாள்.

நான் விடவில்லை. விட்டிருந்தால் ரஃபிக்குக்கு நடந்தது வீணாகப் போயிருக்கும் என்று நினைத்தேன். இன்று நீங்கள் புதிய நாட்டுக்குத் திட்டம் போடும்போது முதல் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள். பட்டனை அமுக்கினால் போகிறவரின் முழுப் பெயர், அவர் லீவில் இருந்தால் போகிறவரின் பெயர். அந்தக் கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் போகக் கூடாது என்பது விதி. நீங்கள் அதைப் படிவம் என்று நினைத்து நிரப்புவீர்கள். அந்தச் சீன அம்மையார் வட்டமிட்ட இடம் அது. நான் நிரப்பாமல் விட்ட இடம். கூரையில் இருந்தாலும் குன்றில் இருந்தாலும் பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தப் பகுதியில் வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்ல வேண்டும் என்ற விதியும் அப்படி வந்ததுதான்.

ஒன்றரை வருஷம் கழித்து கானாவிலிருந்து அதே பெண்மணி கடிதம் எழுதினார். "பெட்டி பழைய இடத்தில் இருக்கிறதா?" என்று ஒரே வரி. படம் எடுத்து அனுப்பினேன். அப்படித்தான் நம் முதல் வெளிநாட்டுத் தோட்டம் கிடைத்தது. அன்று ராசாவில் பத்துப் பேர் கைதட்டினார்கள். நான் தொலைபேசியை எடுத்துத் தனத்துக்குச் செய்தி எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். இரண்டாவது நாடு, மூன்றாவது நாடு, நாலாவது நாடு. ஒவ்வொரு முறையும் எழுதினேன், அழித்தேன். உலகத்தில் எங்கெங்கோ மனிதர்களோடு பேசுகிற வேலை எனக்கு. இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பவளிடம் பேசப் பதின்மூன்று வருஷம் ஆனது.

ஓய்வு பெற்றபின், போன மாதம் ஒரு காலை காடியை எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறி கோலா கிளாவாங் போனேன். கடை கடைத்தெருவின் கடைசியில் இருந்தது. தனம் ஒரு பம்பைப் பிரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

"வா" என்றாள். நேற்றுப் பார்த்தவள் போல. ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதில் எதையும் எடுக்கவில்லை. பிள்ளைகள், முழங்கால் வலி, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று கொஞ்ச நேரம் பேசினோம். நாலு நாட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசியில் அவள் கேட்டாள்:

"ரஃபிக்கோட பேசுறியா?"

"ஆபீஸ்லேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை விசாரிப்பாங்க."

"நான் ஆபீஸ கேக்கல."

நான் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்ததுதான் கடைசி. அதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாளாம். இப்போது அவருக்கு ஊரில் ஒரு மளிகைக்கடை இருக்கிறதாம், மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். எண்ணை அழுத்திக்கொண்டே இவ்வளவும் சொன்னாள். மணி அடிக்கத் தொடங்கியதும் என் கையில் கொடுத்தாள்.

"நான் என்ன சொல்றது?" என்றேன்.

"பேர சொல்லு."

அந்தப் பக்கம் எடுத்தார்கள். என் பெயரைச் சொன்னேன். பிறகு அந்தக் குரல், வயதாகிப்போன குரல், மலாயில் கேட்டது:

"காக் சரஸ்? காக், சூடா மாக்கான்?"

அக்கா, சாப்பிட்டாச்சா என்கிறார். நான் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் மறுபடியும் கேட்டார். தனம் என் தோளுக்கு மேல் குனிந்து, தொலைபேசிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக மலாயில் சொன்னாள்:

"இன்னும் இல்ல ரஃபிக். இப்பத்தான் ரெண்டு பேரும் சாப்பிடப் போறோம்."